தெள்ளாரில் அன்று இன்டர்நெட் இல்லை

முரளிக்கு,

உன் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற விஷயமாக நீ உன் அம்மாவிடம் போனில் கேட்ட கேள்வி என் காதுக்கு வந்துவிட்டது. அவள் மறைக்கத்தான் பார்த்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரசம் ஊற்ற வந்தவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். "இன்னா சொல்றான் உன் பிள்ள?" என்று கேட்டேன். "பத்திரிகையில அப்பா பேர போடணுமான்னு கேக்கறான்" என்றாள். சொல்லிவிட்டு ரசத்தை இலைக்கு வெளியே ஊற்றினாள். ஆறு வருஷமாக நீ இந்த வீட்டுக்குப் போன் செய்கிறாய். தப்பித்தவறி நான் எடுத்தால் "அம்மா இல்லீங்களா?" என்று கேட்கிறாய். கடன்காரனிடம் பேசுகிற மாதிரி ஒரு 'ங்க'. சின்ன வயதிலிருந்து என்னை "வாப்பா, போப்பா" என்று கூப்பிட்ட வாய் அது. அதனால் இந்தக் கேள்வி எனக்கு ஆச்சரியமில்லை. கேட்காமலே விட்டிருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

பதில் சொல்கிறேன். ஆனால் உனக்கு மட்டும் சொல்லிப் பயனில்லை. இந்தக் கடிதம் உனக்குத் தபாலில் வரும். இதே கடிதம் நம் நெசவாளர் சங்கத்தின் ஆண்டு மலரிலும் அச்சாகிறது. செயலாளர் அறிக்கை வர வேண்டிய முதல் பக்கங்களில் இதைப் போடச் சொல்லிவிட்டேன். செயலாளர் நான்தான், என்னைக் கேட்க ஆள் கிடையாது. அந்த நாளில், நமக்கு ஆர்டர் கொடுக்கிற முதலாளியின் கடையில் நம்மைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், நினைவிருக்கிறதா? ஒருவர் இறந்துவிட்டார். மீதி ஏழு பேர் வீட்டுக்கும் மலர் போகும். கூட்டம் கூட்டி உன்மேல் பழி போட்டவன் உன் காதில் மட்டும் வந்து குசுகுசுவென்று மன்னிப்புக் கேட்டால் அதற்கு என்ன பெயர், நீயே சொல்.

எல்லாம் அந்தப் போன் கம்பியில்தான் ஆரம்பித்தது. பதிந்து வைத்து, வருஷக்கணக்காகக் காத்திருந்து, நம் வீட்டுக்குப் போன் வந்தபோது நீ பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாய். நான் கிராஃப் தாளில் பென்சிலால் கட்டம் கட்டமாகப் போடுகிற புடவை பார்டரை நீ கம்ப்யூட்டரில் ஏற்றுவேன் என்றாய். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்து தறி வீட்டின் மூலையில் வைத்தாய். அதுவரை நான் வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் போன் கம்பியைக் கழற்றி அதன் முதுகில் செருகினாய். அது கீச்சு கீச்சென்று கத்தியது, பிறகு இரைந்தது, பிறகு அடங்கியது. "இப்ப நெட்டு வந்துட்சிப்பா" என்று சிரித்தாய். அரை மணி நேரம் நீ அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். சாயங்காலம் முதலாளி ஆள் அனுப்பினார். "எத்தினி வாட்டி போன் போடறது? எப்ப பாரு என்கேஜ்டு. அவசரத்துக்கு வேற ஆளு கையில குடுத்துட்டேன்" என்று சொல்லி அனுப்பினார். நான் நேரே வந்து கம்பியைப் பிடுங்கினேன். "வீட்ல இருக்கறது ஒரு போனு. அதுல நீ பேஜார் பண்ணிகினு இருந்தா எவன் ஆர்டர் குடுப்பான்? நெட்டு கிட்டெல்லாம் வெளியில வச்சிக்கோ" என்றேன். பிடுங்கிய வேகத்தில் அந்தக் கம்பியின் முனை உடைந்துபோனது. மறுநாளிலிருந்து டிசைனை ஃபிளாப்பியில் ஏற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்வி வைத்திருந்த பிரவுசிங் சென்டருக்கு நடக்க ஆரம்பித்தாய்.

இதை முதலில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டில் இருக்க வேண்டியதை ஊர்ப் பொது இடத்துக்குத் துரத்தியவன் நான். பின்னால் நடந்தது முழுக்க அங்கிருந்து வந்தது.

கொடுக்காப்புளி பார்டர் உன்னுடைய விளையாட்டு. அன்னப்பட்சியும் மயிலும் போட்டுப் போட்டுச் சலித்துப்போய் நான் தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன். நீ கொடுக்காப்புளி தின்றுகொண்டே வந்து, சுருண்ட காய் ஒன்றை என் கிராஃப் தாளின் மேல் வைத்து, "இத போடேன்ப்பா, எவனும் போட்டிருக்க மாட்டான்" என்றாய். நான் திட்டினேன். திட்டிவிட்டுப் பென்சிலை எடுத்தேன். மூன்று நாள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தோம். சுருளுக்குள் சுருள், நடுவில் வெடித்த காயில் வெளியே தெரிகிற பருப்பு. நான் தாளில் போட, நீ கம்ப்யூட்டரில் திருத்த, என் வாழ்க்கையில் உன்னோடு அத்தனை நேரம் சண்டை இல்லாமல் இருந்தது அந்த மூன்று நாள்தான். அதில் ஒரு தப்பும் செய்தேன். ஏழாவது சுருளில் ஒரு பருப்பை விட்டுவிட்டேன். நீ பார்த்துச் சொன்னாய். "கெடக்கட்டும், அது நம்ம கையெழுத்து" என்றேன். தீபாவளிக்கு முதலாளி மூலமாகச் சென்னைக் கடை ஒன்றுக்கு நாற்பது புடவை. அந்தக் கடைக்கு மெயிலில் படம் போய், கடைக்காரர் சரி என்று பதில் போட்ட பிறகுதான் தறியில் மாட்டுகிற டிசைன் அட்டையை அடிக்க வேண்டும். முதல் புடவை தறியிலிருந்து இறங்குகிற வரைக்கும் அந்தப் பார்டரை வெளியாள் ஒருவர் பார்க்கக் கூடாது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கட்டுப்பாடு அது.

பதில் வந்துவிட்டது என்று நீ சொன்னாய். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள், வந்து பார் என்றாய். "அதையெல்லாம் பாக்க எனக்கு நேரம் எது? நீ பாத்தா போதும்" என்று அலட்சியமாகச் சொன்னேன். நாள்காட்டியின் கிழித்த தாள் ஒன்றின் பின்பக்கத்தில் மெயில் முகவரியையும் பாஸ்வேர்டையும் எழுதி என் கண்ணாடிக் கூட்டில் வைத்தாய். நம் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே முகவரி. "எப்ப தோணுதோ அப்ப போய் பாரு" என்றாய். தோன்றிக்கொண்டேதான் இருந்தது. கடைக்காரர் என் பார்டரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று என் கண்ணால் பார்க்க வேண்டும். ஆனால் நீ பக்கத்தில் நிற்க, நான் ஒரு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டுவதை நீ பார்க்கக் கூடாது. இது எவ்வளவு அற்பமான வீம்பு என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அது கௌரவமாகத் தெரிந்தது.

ஆடி அமாவாசை வந்தது. அமாவாசைக்குத் தறி ஓடாது, உனக்குத் தெரியாததா. காலையில் ஆற்றங்கரைக்குப் போய் என் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு வந்தேன். நீ விடிந்ததுமே தெள்ளாருக்குப் போயிருந்தாய். அங்கே ஒரு ரைஸ் மில்லில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார்கள், அதை ஓட வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாய். படையல் நாளில் பிள்ளை வீட்டில் இல்லை என்று எனக்குக் கோபம். அதே சமயம், நீ ஊரில் இல்லாத நாள் இதுதான் என்றும் புத்தி வேலை செய்தது. உன் அம்மா சமையலில் இருந்தாள். "கடைத்தெரு வரைக்கும் போய்ட்டு வரேன்" என்று கிளம்பினேன். செல்வி என் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டு பிளைவுட் தடுப்பு ஒன்றைக் காட்டினாள். கண்ணாடிக் கூட்டிலிருந்து தாளை எடுத்து வைத்துக்கொண்டு, முக்கால் மணி நேரம் போராடி, உள்ளே போனேன். கடைக்காரரின் பதிலைப் படித்தேன். நாலே வரி. நாலு தடவை படித்தேன். கீழே நம் பார்டரின் படம். அந்தக் கண்ணாடித் திரையில் அது மின்னியதைப் பார்த்து, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கியது. அப்போது நகராட்சியின் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. வீட்டில் இலை போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். நான் போய்க் காக்கைக்கு வைக்காமல் யாரும் ஒரு வாய் சாப்பிட முடியாது. அவசரமாக எழுந்தேன். டிவியை நிறுத்துகிற மாதிரி அந்தத் திரைக்குக் கீழே இருந்த பொத்தானை அமுக்கினேன். படம் அணைந்தது. வேலை முடிந்தது என்று வந்துவிட்டேன்.

நீ எனக்கு உள்ளே போகத்தான் சொல்லிக்கொடுத்தாய், மூடச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று பல வருஷம் உன்னை மனசுக்குள் திட்டியிருக்கிறேன். அதுவும் பொய். அந்தத் தாளில் மூன்றாவது வரியாக "முடிச்சதும் லாக் அவுட்" என்று எழுதி அடியில் கோடும் போட்டிருக்கிறாய். தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அது என்ன வார்த்தை என்று புரியாமல், புரியாததை உன்னிடம் கேட்காமல், விட்டேன்.

புரட்டாசியில் நம் முதல் ஐந்து புடவைகள் இறங்கின. எடுத்துக்கொண்டு போனேன். முதலாளி கடையில் எட்டுப் பேர் இருந்தார்கள். அவர் உள்ளேயிருந்து ஒரு புடவையைக் கொண்டுவந்து நம் புடவைக்குப் பக்கத்தில் விரித்தார். கொடுக்காப்புளி. சென்னையில் வேறொரு கடையில் பதினைந்து நாளாக விற்றுக்கொண்டிருக்கிறதாம். ஏழாவது சுருளைப் பார்த்தேன். ஒரு பருப்பு இல்லை. நம் தப்பையும் சேர்த்துத் தூக்கியிருந்தார்கள். "பாத்து வரஞ்சது இல்ல இது. உங்க கம்ப்யூட்டர்லேர்ந்தே போயிருக்குது" என்றார் முதலாளி. மீதி முப்பத்தைந்து புடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உன்னை வரச் சொல்லி ஆள் போனது. நீ வந்தாய், இரண்டு புடவையையும் பார்த்தாய், முகம் வெளுத்துப்போனது. பயத்தில் வெளுத்தது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

"அமாவாச அன்னிக்கு தாத்தாவுக்கு படைக்கக்கூட இல்லாம தெள்ளார்ல போய் இன்னாடா பண்ணிகினு இருந்த?" என்று கேட்டேன். "மில்லுல கம்ப்யூட்டர் போட்டேன்பா, சொல்ட்டுதான போனேன்" என்றாய். "கம்ப்யூட்டர்தான? அதுலேர்ந்துதான் அனுப்பியிருக்கற!" என்றேன். நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "அங்க இன்டர்நெட்டே இல்லப்பா. போன் லைனே இல்ல. வெறும் கம்ப்யூட்டர்லேர்ந்து எப்படிப்பா மெயில் போவும்?" என்றாய். எட்டுப் பேரில் ஒருவருக்கும் அது புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. கம்ப்யூட்டர் என்றால் இன்டர்நெட், இன்டர்நெட் என்றால் கம்ப்யூட்டர், எல்லா மெயிலும் அந்தப் பெட்டிக்குள்ளேயேதான் இருக்கிறது என்று நினைத்தவன் நான். உன் பேச்சு எனக்குச் சாக்குப்போக்காகக் கேட்டது. "வாப்பா செல்வி கடைக்கு, இப்பவே ஜல்தியா வா. எது எப்ப போச்சுன்னு அதுலயே தேதி நேரம் எல்லாம் இருக்கும், காட்டறேன்" என்று என் கையைப் பிடித்து இழுத்தாய். கையை உதறினேன். "அந்தப் பொட்டி நீ சொன்னா சொன்னத காட்டும். பொட்டிய நம்பி உன்ன நம்பணுமா?" என்றேன். பிறகு சொன்னேனே, அதையும் எழுதுகிறேன், அச்சில் வரட்டும். "நீ எனக்குப் பொறந்தவன்தானான்னு உங்கம்மாவ கேக்கணும்" என்றேன். எட்டுப் பேர் முன்னால். உன் அம்மாவையும் சேர்த்து. சாயங்காலம் ஒரு பையோடு பெங்களூர் பஸ் ஏறினாய்.

தை மாதம் எனக்கு உண்மை தெரிந்தது. நன்றாகப் படித்துக்கொள், தை மாதம். நீ போய் நாலே மாதத்தில். சென்னைக் கடைக்காரர் ஏதோ எழுதியிருக்கிறாராம் என்று கேள்விப்பட்டுச் செல்வி கடைக்குப் போனேன். இந்த முறை அவளையே திறந்து காட்டச் சொன்னேன். அவள் எதையோ தேடிக்கொண்டே வந்து, "இது இன்னாண்ணே, உங்க மெயில்லேர்ந்து அந்த டிசைன் வேற யாருக்கோ போயிருக்குது?" என்றாள். அனுப்பிய கடிதங்கள் இருக்கிற இடம். அதில் ஒரு வரி. நான் கேள்விப்பட்ட ஒரு வியாபாரியின் பெயரில் முகவரி. தேதியும் நேரமும் பக்கத்தில் இருந்தன. மணி பன்னிரண்டு இருபது. வீட்டுக்கு வந்து பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். புரட்டவே வேண்டியதில்லை, தெரிந்துபோய்விட்டது. ஆடி அமாவாசை. நான் சங்கு கேட்டு எழுந்து, திரையை மட்டும் அணைத்துவிட்டு, வீட்டில் காக்கைக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்த நேரம். எனக்குப் பின்னால் அந்த நாற்காலியில் யாரோ உட்கார்ந்து அதே பொத்தானை அமுக்கியிருக்கிறான். நம் மெயில் திறந்தபடியே இருந்திருக்கிறது. யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது? கதவைத் திறந்து போட்டுவிட்டு வந்தவன் நான்.

அன்றைக்கே பஸ் ஏறி உன்னிடம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏன் என்று கேட்பாய். அதற்குள் எனக்கு ஒரு மரியாதை வந்திருந்தது, முரளி. "சொந்தப் பிள்ளன்னும் பாக்காம கேட்டாரு பாரு, அதான் மனுசன்" என்று ஊர் பேசியது. முதலாளி திரும்பவும் கூப்பிட்டு ஆர்டர் கொடுத்தார். அடுத்த வருஷம் சங்கத்தில் செயலாளர் ஆக்கினார்கள். நேர்மையானவர் என்று மாலை போட்டார்கள். இரண்டு குடும்பத்துக்குள் தகராறு என்றால் என்னைக் கூப்பிட்டு நடுவில் உட்கார வைத்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன், நியாயம் சொன்னேன். உன்னைத் திருடன் ஆக்கியதற்குக் கிடைத்த நாற்காலி அது. ஐந்து வருஷம் அதில் உட்கார்ந்திருந்தேன். முதல் ஒரு வருஷம் உறுத்தியது, பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டது என்று எழுதும்போதுதான் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

ஒன்று மட்டும் செய்தேன். இலவச மெயிலைக் கொஞ்ச காலம் திறக்காமல் விட்டால் மூடிவிடுவார்கள், உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்று செல்வி சொன்னாள். அன்றிலிருந்து ஒவ்வொரு அமாவாசையும் அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறேன். கோயிலுக்கு என்று உன் அம்மாவிடம் சொல்வேன். எதற்காகத் திறந்தேன்? சாட்சி அழியாமல் இருக்கட்டும் என்றா, சாட்சி இன்னும் வெளியே போகவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்ளவா? இரண்டும்தான். ஒரு தடவை அழிக்கிற பொத்தான்மேல் மவுஸ் அம்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். செல்வி "டைம் ஆச்சுண்ணே" என்றாள், எழுந்து வந்துவிட்டேன்.

இப்படி அந்த ஒரு வரியைப் பார்க்கப் போய்ப் போய், நான் வேண்டாம் என்று உன்னைத் துரத்திய இன்டர்நெட்டை முழுசாகக் கற்றுக்கொண்டேன். முதலில் செல்வி கடையில் ஒரே போன் கம்பியை நாலு கம்ப்யூட்டர் பங்கு போட்டுக்கொண்டன. ஒருத்தர் ஒரு படத்தைத் திறந்தால் மற்ற மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். மழை பெய்தால் இணைப்பு அறுந்துவிடும், திரும்பவும் அந்தக் கீச்சுக் கத்தல். பிறகு பிராட்பேண்ட் வந்தது. நம் வீட்டுக்கே போட்டுக்கொண்டேன். லைன்மேன் வந்து போன் கம்பியில் தீப்பெட்டி அளவு ஒரு வெள்ளைப் பெட்டியைச் செருகினார். "இது போதும் சார். போனும் பேசிகினே இருக்கலாம், நெட்டும் பாத்துகினே இருக்கலாம்" என்றார். நான் அந்தப் பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். உன் கம்ப்யூட்டரிலிருந்து நான் பிடுங்கி உடைத்த கம்பிமுனை இன்னும் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது. இவ்வளவு சின்னப் பெட்டி சில வருஷம் முன்னால் வந்திருந்தால் நீ செல்வி கடைக்குப் போயிருக்க மாட்டாய், நானும் போயிருக்க மாட்டேன். அதற்கப்புறம் செல்போனிலேயே நெட் வந்தது. அந்தக் குட்டித் திரையில் அந்த ஒரு வரி வந்து சேருவதற்குள் காப்பி ஆறிவிடும். இப்போது லேப்டாப்பில் செருகுகிற டேட்டா கார்டு. மாடி ஜன்னல் ஓரம் போனால்தான் சிக்னல். அதை ஒரு நீள ஒயரில் மாட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டுவிட்டு உட்காருவேன். கம்பி வேறு, பெட்டி வேறு, மெயில் வேறு, மெயில் இருக்கிற இடம் வேறு என்று எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. போன் லைன் இல்லாத தெள்ளார் மில்லிலிருந்து ஒரு மெயிலும் போக முடியாது என்று இன்றைக்கு ஒரு சின்னக் குழந்தைக்குக்கூட விளக்கிச் சொல்வேன். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாதவன்.

இதோடு கடிதத்தை முடித்திருந்தால் நான் குற்றவாளி, நீ ஏமாந்தவன், அவ்வளவுதான். ஆனால் போன அமாவாசையன்று இன்னொன்று நடந்தது. மெயில்காரர்கள் பக்கத்தையே மாற்றிப் புதிதாக ஆக்கியிருந்தார்கள். எது எங்கே இருக்கிறது என்று தேடினேன். ஓரத்தில், எழுதி அனுப்பாமல் வைக்கிற கடிதங்களுக்கான இடத்தில், ஒன்று என்ற எண் தடித்த எழுத்தில் இருந்தது. இத்தனை வருஷமும் இருந்திருக்கும். அனுப்பியதை மட்டுமே பார்த்துவிட்டு மூடுகிற எனக்கு அது கண்ணில் படவில்லை. திறந்தேன். பெறுபவர் இடம் காலி. நம் இரண்டு பேருக்கும் ஒரே முகவரி, நீ யாருக்கு அனுப்புவாய்? இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். நீ பெங்களூர் பஸ் ஏறிய அதே தேதி. எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"நீ அன்னிக்கு லாக் அவுட் பண்ணலப்பா. செல்வி அக்கா நோட்ல உன் பேரு இருக்கு. நான் யாருக்கும் சொல்லல."

அவ்வளவுதான். பஸ் ஏறுவதற்கு முன்னால் நீ போய்ப் பார்த்திருக்கிறாய். அன்றைக்கே உனக்குத் தெரிந்திருக்கிறது. முதலாளி கடை நூறு அடி தூரம். திரும்பி வந்து அந்த எட்டுப் பேர் முன்னால் நோட்டை விரித்துக் காட்டியிருந்தால், நான் சொன்ன சொல்லுக்கு என்னை அங்கேயே மண்ணைக் கவ்வ வைத்திருக்கலாம். நீ செய்யவில்லை. என் மானத்தை என் கண்ணாடிக் கூட்டில் வைத்த தாள் மாதிரி மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டாய்.

படித்ததும் அழுதேன். அழுது முடித்ததும் உன்மேல் ஆத்திரம் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், நல்லவன் வேஷம் இனிமேல் எனக்கு வேண்டாம். ஏன்டா சொல்லவில்லை? உன் அம்மாவிடமாவது சொல்லியிருக்கலாமே? அவள் ஆறு வருஷம் உன்னைச் சந்தேகப்படவும் முடியாமல், என்னைக் கேட்கவும் முடியாமல், இரண்டு பேருக்கும் நடுவில் நசுங்கினாள். நீ பேசாமல் இருந்தது பெருந்தன்மைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் கொஞ்சம் திமிரும் இருக்கிறது. "நீயே ஒருநாள் கண்டுபிடித்துச் சாவு" என்று விட்டுவிட்டுப் போவதும் ஒரு தண்டனைதான். என்னிடமிருந்து நீ எடுத்துக்கொண்ட வீம்பு அது. எனக்குப் பிறந்தவன்தான் நீ. சந்தேகமே இல்லை.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அப்பா ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது இரண்டுதான். அந்தப் பெண் உன் கையைப் பிடித்து "வா, காட்டறேன்" என்று கூப்பிட்டால், எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும், எவ்வளவு கோபத்தில் இருந்தாலும், எழுந்து போய்ப் பார். பார்த்துவிட்டு அப்புறம் கத்து. இன்னொன்று, அவள் தப்புச் செய்தால் அவள் முகத்துக்கு நேரே சொல். சண்டை போடு. அவள் எப்போதோ ஒருநாள் திறந்து பார்க்கட்டும் என்று எங்கேயும் எழுதி வைத்துவிட்டுப் போகாதே. அவள் பார்க்கிற நேரத்துக்கு ஆறு வருஷம் போயிருக்கும்.

செயலாளர் பதவியை எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த மலர்தான் நான் பார்க்கிற கடைசி வேலை. முதலாளி இதைப் படித்துவிட்டு என்ன செய்வாரோ, செய்யட்டும். உன் அம்மாவிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். "கோயிலுக்கு கோயிலுக்குன்னு போனியே, இதுக்குத்தானா?" என்று மட்டும் கேட்டாள். இன்றைக்குக் காலையிலிருந்து என்னிடம் பேசவில்லை. சோறு மட்டும் போடுகிறாள். நீ யாருக்கும் சொல்லவில்லை, அதனால் நான் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன்.

இனி பத்திரிகை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறதாம். அதற்குள் இந்தக் கடிதம் உனக்கு வந்துவிடும். என் பேரைப் போடு என்று கேட்கிற இடத்தில் நான் இல்லை. போடாவிட்டாலும் கல்யாணத்துக்கு வருவேன், கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவேன். ஆனால் உன் முடிவை உன் அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே. போன் செய். போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், நான்தான் எடுப்பேன். அம்மா இல்லீங்களா என்று கேட்காதே. "பேரு வேணாம்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடு. அந்த 'பா' போதும் எனக்கு.

அப்பா